வேப்பங்கட்டையில் இல்லாத வண்டு

கிணற்றுமேட்டில் கிடந்த வேப்பங்கட்டையை மேரி டீச்சர் பிளக்கத் தொடங்கி அன்றோடு மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. முதல் வாரம் உளி வைத்துப் பதமாகப் பட்டையை உரித்தவர், இரண்டாம் வாரம் சுத்தியலுக்கு வந்து, இந்த வாரம் முனிகிருஷ்ணனின் கோடாலியையே கேட்டு வாங்கிவிட்டார். மதராஸ் காலேஜில் சாக்குக்கட்டி பிடிக்கிற கை. கோடாலிக் காம்பு இரண்டு இடத்தில் தோலை உரித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பிளந்தார். கட்டையிலிருந்து கறையான் வந்தது, பூரான் வந்தது, குஞ்சு குளுவானோடு ஒரு தேள் வந்தது. தேடிய வண்டு மட்டும் வரவில்லை.

வராது என்று முனிகிருஷ்ணனின் பெண்டாட்டி செங்கம்மாளுக்குத் தெரியும். தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்பிவிடுகிற சாக்கில் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றிருந்தாள்.

"செங்கம்மா, இந்தக் கட்டைதானே?" டீச்சர் நிமிர்ந்து கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. வேற கட்டையா இருக்கப்போவுது."

"இந்தக் கட்டைதான் டீச்சர்."

"மேலயா, பட்டைக்கு அடியிலயா?"

"அடியில."

"அடியிலன்னா இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம்." சொல்லிவிட்டு வாய்க்காலைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். டீச்சர் கட்டையைப் புரட்டிப்போட்டு அந்தப் பக்கத்தைப் பிளக்க ஆரம்பித்தார்.

இந்தப் பழக்கம் வந்து இரண்டு வருஷம் இருக்கும். எழுபத்தொன்றில் நெற்பயிர்ப் பூச்சிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் வந்து இறங்கி, வரப்பு வரப்பாக வலையோடு அலைந்த டீச்சரைப் பார்த்து நடவுப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். செங்கம்மாளும் சிரித்தாள். ஆனால் சிரித்த கையோடு, பயிர்த் தாளின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பூச்சியைக் கிள்ளி எடுத்து, "இதைத் தேடறீங்களா?" என்று நீட்டினாள். அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவள் இடுப்பில் ஒரு பாட்டில் ஏறியது. உள்ளே மரத்தூள், அதில் ஏதோ மருந்து. பூச்சியைப் போட்டு மூடினால் நாலு மூச்சில் அடங்கிவிடும். அஞ்சாவதோடு நின்றுபோன கையெழுத்துக்கும் வேலை வந்தது. ஒவ்வொரு பூச்சிக்கும் விரல் அகலத்தில் ஒரு சீட்டு எழுத வேண்டும். எங்கே எடுத்தது, எதன்மேல் இருந்தது, எந்தத் தேதி, எடுத்தது யார்.

"சீட்டு இல்லாத பூச்சி குப்பை, செங்கம்மா. தப்பான சீட்டு குப்பையைவிட மோசம்" என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். எத்தனையோ சீட்டு எழுதினாள். எல்லாம் சரியான சீட்டு. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றுக்குக் காரணம் ஓர் ஆட்டுக்குட்டி. போன மாசியில் அது கயிற்றை அறுத்துக்கொண்டு பொன்னியம்மன் தோப்புக்குள் ஓடிவிட்டது. கிணற்றுமேட்டிலிருந்து தோப்பு நூறடிகூட இருக்காது. முப்பது நாற்பது இலுப்பை மரங்கள். இலுப்பக்கண்டிகைக்கு ஊர்ப்பேரே அதனால் வந்தது. ஆனால் அந்த மரத்திலிருந்து ஊராருக்கு ஒரு துரும்பு கிடையாது. செருப்போடு போகக்கூடாது, அரிவாளோடு போகக்கூடாது. பூ உதிர்ந்தால் பூ அங்கேயே கிடக்க வேண்டும், கொட்டை விழுந்தால் வௌவாலுக்கு. காற்றில் மரமே சாய்ந்தாலும் சாய்ந்த இடத்திலேயே மக்கி மண்ணாக வேண்டும். உள்ளே இருக்கும் எறும்பைக்கூட நசுக்கக்கூடாது. இதையெல்லாம் காவல் காக்கிற உரிமை முனிகிருஷ்ணனின் குடும்பத்துக்கு. இப்போது அண்ணன் மணவாளன் கையில். அந்த வீட்டு மருமகள்தான் செங்கம்மாள்.

ஆட்டுக்குட்டியைப் பிடிக்கப் போனவள், எப்போதோ ஒரு மழையில் சாய்ந்த ஒரு பெரிய மரத்தின் பட்டையிடுக்கில் அதைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தளவு கறுப்பு வண்டு. முதுகில் இரண்டு பொட்டு, மஞ்சளைக் குழைத்து வைத்த மாதிரி. இந்த இரண்டு வருஷத்தில் கண்ணில் படாத வண்டு. யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கை நீண்டிருக்காது. கை அதுபாட்டுக்கு இடுப்புப் பாட்டிலை எடுத்துத் திறந்து மூடிவிட்டது. வெளியே வந்த பிறகுதான் செய்தது உறைத்தது. திரும்பக் கொண்டுபோய் விடலாம் என்றால் அது செத்துவிட்டிருந்தது.

சீட்டில் 'கிணற்றுமேடு, வேப்பங்கட்டை' என்று எழுதினாள். நூறடிதானே, வண்டு பறந்து வராதா என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் வீட்டுத் தாழ்வாரத்தில் டீச்சருக்குக் களியும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். பழவேற்காட்டிலிருந்து கூடைக்காரி கொண்டுவரும் கருவாடு. டீச்சருக்கு அது உயிர். அன்றைக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்துத் திறந்தார். தக்கை பதித்த பெட்டியில் ஊசி குத்தி அந்த வண்டு ஒற்றையாக இருந்தது. ஊசியில் வண்டுக்குக் கீழே செங்கம்மாளின் சீட்டு. அதற்கும் கீழே சிவப்பாக ஒரு சீட்டு.

"இந்தச் செவப்பு இன்னா டீச்சர்?"

"டைப்புனு அர்த்தம். உலகத்துல யாரும் இதுக்கு இன்னும் பேர் வைக்கலை. கல்கத்தா மியூசியத்துல இருக்கிற அத்தனை பெட்டியையும் பார்த்துட்டேன். லண்டனுக்குப் படம் அனுப்பிக் கேட்டுட்டேன். ஆறு மாசமா இந்த ஒரு வண்டைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். இறக்கை மூடியில எத்தனை வரி, வரியில எத்தனை குழி, கொம்புல எத்தனை கணு, அத்தனையும் எண்ணி, வரைஞ்சு, பதினோரு பக்கம் எழுதியிருக்கேன். நாளைக்கு எந்த ஊர்ல எவன் இதே மாதிரி ஒண்ணு பிடிச்சாலும், இந்த வண்டோட ஒப்பிட்டுத்தான் பேர் சொல்லணும்." கொஞ்சம் தயங்கினார். "பேரு உன் பேருதான். அச்சுல வர்றப்பச் சொல்லலாம்னு இருந்தேன்."

செங்கம்மாள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"எம்பேரு எதுக்கு டீச்சர்? வாணாம்."

"இனிமே வருமோ வராதோ." டீச்சர் ஒரு கடிதத்தை எடுத்தார். "கல்கத்தாவுல பெரியவர் ஒருத்தர் எழுதியிருக்காரு. இந்த வகை வண்டு பழைய காட்டுல, வருஷக்கணக்கா மக்கின கட்டையிலதான் இருக்குமாம். வயக்காட்டு வேப்பங்கட்டையில இருக்க வாய்ப்பே இல்லையாம். நான் சீட்டை மாத்திக் குத்திட்டேன்னு சொல்றாரு. பன்னெண்டு வருஷமா வேலை பார்க்கிறேன், என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அச்சுக்குப் போற தாளைத் திங்கக்கிழமை தபால்ல சேர்க்கணும். அதுக்குள்ள அதே கட்டையில இன்னொண்ணு கிடைச்சா தலை நிமிர்ந்து அனுப்புவேன். இல்லேன்னா அனுப்ப மாட்டேன்."

"அதுங்க பறந்து கிறந்து பூட்டிருக்கும் டீச்சர். வேற எங்கனா…"

டீச்சர் பென்சில் முனையால் வண்டின் முதுகைக் காட்டினார். "இங்க பாரு. ரெண்டு மூடியும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. திறக்கவே திறக்காது. உள்ள இறக்கையே கிடையாது. இது பறக்காது செங்கம்மா. பிறந்த கட்டையிலேயே சுத்தி அங்கேயே சாகும். அதனாலதான் சொல்றேன், இங்கதான் எங்கியோ இருக்கணும்."

ஆறு மாதமாகச் செங்கம்மாள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கிளையும் முறிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் முனிகிருஷ்ணன் துண்டை உதறியபடி உள்ளே வரவேண்டுமா?

"வாங்க டீச்சரம்மா, சாப்டீங்களா?" என்றவன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "மே, விசயம் தெரியுமா? நாளைக்கு, லீவு நாளுன்னும் பாக்காம, ரெவின்யூ இன்ஸ்பெக்டரு வராரு. தோப்புலயே வெச்சு விசாரணை."

தொழிற்பேட்டை வரப்போகிறது என்று போன பொங்கலிலிருந்தே பேச்சு. தோப்பைச் சுற்றி வெள்ளை அடித்த அளவுக்கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கிராமக் கணக்கில் தோப்பு சர்க்கார் புறம்போக்கு என்றுதான் இருந்தது. ஊரிடம் காகிதம் எதுவும் இல்லை.

"காயிதம் இல்லன்னா இன்னா, சத்தியம் கீதுன்னுட்டாரு அண்ணன்" என்று முனிகிருஷ்ணன் குந்தினான். "முப்பத்திரண்டு தலைக்கட்டும் வரிசையா வந்து கற்பூரம் அடிக்கணும். எங்க ஊட்டு ஆளு இந்தத் தோப்புல ஒரு சுள்ளி எடுத்ததில்ல, ஒரு உசுரத் தொட்டதில்லன்னு. அத்த இன்ஸ்பெக்டரு எழுதிக்குவாரு. எந்த ஊர்ல இப்படிச் சத்தியம் பண்ண முடியும், சொல்லுங்க டீச்சரம்மா? சர்க்காரே அசந்துபூடும்."

"நல்ல விஷயம்தான்" என்றார் டீச்சர். அவர் கண் பெட்டிமேலேயே இருந்தது. "நாளைக்குச் சர்ச்சுக்குப் போறதை விட்டுட்டு வரேன் செங்கம்மா. ஒரு நாள்தான் பாக்கி. தோப்பு ஓரமா இருக்கிற வரப்பையும் பார்த்துடுவோம்."

சாயங்கால வண்டிக்கு டீச்சரை அனுப்பிவிட்டு வந்து, நாற்றங்கால் ஓரம் நின்றிருந்த புருஷனிடம் போனாள் செங்கம்மாள். மேகம் கறுத்துக் கிடந்தது, காற்று இல்லை. நாற்று ஒரு சாண் உயரம் வந்து பச்சைப் பசேலென்று நின்றது.

"இருவத்தஞ்சு நாளாச்சு. புதங்கிழமை பிடுங்கிடலாம்" என்றான். "பொம்பளைங்க எல்லாருக்கும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். இன்னாங்க…"

"ஊம்."

"நாளைக்கு நீங்க கற்பூரம் அடிக்கத்தான் வோணுமா?"

அவன் சிரித்தான். "இன்னா கேள்வி மே இது? காவக்காரன் தம்பி நானு. மொதல்ல அண்ணன், ரெண்டாவது நான். நான் அடிக்கலன்னா ஊரு இன்னான்னு நெனைக்கும்?"

"பொய்யா அடிச்சா இன்னா ஆவும்?"

"எங்கப்பன் காலத்துல ஒருத்தன் அடிச்சான். அதே வருசம் கண்ணு பூடுச்சு. எவன் பொய்யா அடிக்கப் போறான்? நீ ஏன் இத்த நெனைச்சுப் பேஜாராவுற?" வரப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றை வழித்தான். "தோப்பு நின்னாத்தான் நம்ம கயனி நிக்கும். அளவுக்கல்லு நாலு கயனி தள்ளித்தான் கீது. இன்னிக்குத் தோப்பு, நாளைக்கு இது."

அவள் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தோப்பில் எடுத்ததை, எடுத்த கையே திரும்ப வைக்கிறவரை அந்த வீட்டை ஊர் ஒதுக்கி வைக்கும். ஒதுக்கிய வீட்டுக் கழனியில் யாரும் நடவுக்கு இறங்கமாட்டார்கள். இரண்டு ஏக்கரை அவள் ஒருத்தியாக நடமுடியாது, நாற்று முற்றிவிடும். தை மாதம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? எடுத்ததைத் திரும்ப வைக்கலாம் என்றால், அது டீச்சருடைய பெட்டியில் சிவப்புச் சீட்டோடு இருக்கிறது. சொல்லாவிட்டாலோ, டீச்சர் பேர் கெடும், புருஷன் பொன்னியம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்வான். மூன்று பக்கமும் அடைத்த வாய்க்காலில் மாட்டிய கெண்டை மாதிரி நின்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே தோப்பு நிறைந்துவிட்டது. ரெவின்யூ இன்ஸ்பெக்டரைக்கூட மணவாளன் பூட்ஸைக் கழற்ற வைத்துவிட்டார். அவர் மடக்கு நாற்காலியில், மடியில் காகிதக் கட்டோடு, வெறுங்காலை எறும்புக்குத் தூக்கித் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மேரி டீச்சரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் வந்து நின்றார்.

மணவாளன் கறுத்து உயர்ந்த மனிதர். அதிகம் பேசமாட்டார். பேசினால் மறுபேச்சு இருக்காது. அம்மன் கல்லுக்கு முன்னால் வெற்றிலை வைத்து, கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"இந்தத் தோப்புல என் ஊட்டு ஆளு ஒரு சுள்ளி எடுக்கல, ஒரு பூ பொறுக்கல, ஒரு உசுரத் தொடல. எடுத்திருந்தா அம்மா கேக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். மணவாளன் இன்னொரு கற்பூரத்தை ஏற்றிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். முனிகிருஷ்ணன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் போனான். கை உயர்ந்தது.

"நிறுத்துங்க!"

தன் குரல்தான் என்று செங்கம்மாளுக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. கூட்டம் முழுக்கத் திரும்பியது. அவள் ஓடிப்போய்ப் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க. நான் எடுத்தேன்."

"இன்னா எடுத்தே?" முனிகிருஷ்ணனுக்கு விளங்கவில்லை. "மே, இன்னா சொல்றே?"

"ஒரு வண்டு. மாசி மாசம் ஆட்டுக்குட்டியப் புடிக்க வந்தேன். தோ, அந்தச் சாஞ்ச மரத்துலேர்ந்து எடுத்தேன். டீச்சருக்குக் குடுத்தேன். கெணத்துமேட்டுல எடுத்ததா எழுதிட்டேன்."

கற்பூரம் எரிந்து தானே அணைந்தது. எங்கேயோ ஒரு பெண் வாயில் துணியை வைத்துக்கொண்டு "அடிப்பாவி" என்றாள். மேரி டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு கோபத்தைச் செங்கம்மாள் பார்த்ததில்லை.

"மூணு வாரம்." தோல் உரிந்த கையை நீட்டிக் காட்டினார். "மூணு வாரமா நான் அந்தக் கட்டையைப் பிளக்கிறேன். நீ பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தே. இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு கேட்டேன். அந்தப் பக்கம்னு சொன்னே. எப்படி செங்கம்மா முடிஞ்சுது உன்னால?"

"தப்புதான் டீச்சர்" என்றாள். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது.

"ஏங்க, ஒரு பூச்சிதானே?" என்றார் இன்ஸ்பெக்டர். "இதைப்போய்ப் பெருசு பண்ணிக்கினு. நான் எழுதலை, மேல ஆவட்டும்."

"எழுதுங்க சார்" என்றார் மணவாளன். "நான் மொதல்ல அடிச்சுட்டேன். என் ஊட்டு ஆளு தொடலன்னு அடிச்சுட்டேன். தம்பி ஊடு என் ஊடு இல்லியா? என் சத்தியம் இப்பவே பொய்யாப் பூட்சு. அத்த எழுதுங்க." பிறகு செங்கம்மாளைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "எடுத்த கை வைக்கணும். அது உனுக்குத் தெரியும். வெச்சுட்டா ஒண்ணுமில்ல. வைக்கலன்னா புதங்கிழமை உன் கயனியில யாரும் எறங்க மாட்டாங்க."

முனிகிருஷ்ணன் டீச்சரைப் பார்த்தான். எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் தோள்பையை அவரையறியாமல் மார்போடு அணைத்துக்கொண்டார். அதற்குள்தான் பெட்டி இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா?" டீச்சர் மணவாளனிடம் மெதுவாகச் சொன்னார். "இப்பத்தான் எனக்கு உண்மையான இடம் தெரிஞ்சிருக்கு. சீட்டைத் திருத்தி எழுதிட்டா எல்லாம் சரியாப் போயிடும். கல்கத்தாக்காரர் வாயை அடைக்கலாம். இது ஒண்ணுதான் இருக்கு. இதைக் குடுத்துட்டா நான் எழுதின பதினோரு பக்கத்துக்கும் அர்த்தம் இல்லை. பேர் வைக்கணும்னா பெட்டியில வண்டு இருக்கணும். வேற ஒண்ணு எடுக்கவாவது விடுவீங்களா?"

"மாட்டேன்மா."

"ஒண்ணே ஒண்ணு?"

"ஒண்ணுக்குத்தான் இவ்ளோ."

டீச்சர் சாய்ந்த மரத்தருகே போனார். யாரும் தடுக்கவில்லை. இடுப்பளவு பருமனான அடிமரம், பஞ்சு மாதிரி மக்கியிருந்தது. குனிந்து பார்த்தார். பட்டையிடுக்கில் ஒன்று ஊர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. முதுகில் இரண்டிரண்டு மஞ்சள் பொட்டோடு ஐந்தாறு உருப்படிகள், யாரைப் பற்றியும் கவலை இல்லாமல், காளானைத் தின்றுகொண்டிருந்தன. டீச்சர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். வெகுநேரம் அப்படியே பார்த்தார். ஆறு மாதம் கண்ணாடிக்குக் கீழே செத்த வண்டைப் பார்த்தவருக்கு அது நடப்பதைப் பார்க்க அன்றைக்குத்தான் கிடைத்தது.

பிறகு பெட்டியைத் திறந்து செங்கம்மாளிடம் நீட்டினார்.

"எடு. நான் எடுத்தா உடைச்சாலும் உடைச்சிடுவேன், எனக்கு அவ்வளவு கோவம். நீயே எடுத்து நீயே வை."

செங்கம்மாள் ஊசியைப் பிடித்து வண்டை மெல்ல உருவினாள். காய்ந்துபோன கால் ஒன்று உடைந்து விழுந்தது. டீச்சர் தன் கால் உடைந்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். காலையும் பொறுக்கி, வண்டோடு சேர்த்துப் பட்டையிடுக்கில் வைத்தாள் செங்கம்மாள். உயிரோடிருந்த ஒன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. ஊசியில் இரண்டு சீட்டு மட்டும் மிச்சம் இருந்தன, அவள் எழுதிய பொய்யும் அதற்குக் கீழே சிவப்பும்.

அவற்றைப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டு டீச்சர் ஸ்டேஷனுக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை ஊர்ப்பெண்கள் நடவுக்கு வந்தார்கள். வாக்கு வாக்குதான். ஆனால் மணவாளன் தம்பி வீட்டு வாசலை மிதிப்பதை விட்டார். வழியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப் போனார். அவர் சத்தியத்தைப் பொய்யாக்கியவள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டேன் என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. டீச்சரிடமிருந்து ஒரே ஒரு தபால் கார்டு வந்தது. 'தாளை அனுப்பவில்லை. வேறு வேலை இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.' அதைச் செங்கம்மாள் பாட்டில், சீட்டு, பேனாவோடு சேர்த்து உறியில் வைத்தாள். மழை பெய்தது, பயிர் நன்றாகவே விளைந்தது. அறுப்புக்குக் கழனியில் குனிந்தால் பூச்சி கண்ணில் படும். படாத மாதிரி அறுத்தாள்.

மாசியில் தாசில்தார் ஆபீஸ் உத்தரவு வந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் அன்றைக்கே அடித்துக்கொடுத்த முப்பது சத்தியத்தையும் மணவாளனின் ஒரு பொய்யையும் படித்தார்களோ இல்லையோ, தோப்பு தொழிற்பேட்டைக்கு எடுக்கப்பட்டது என்று ஒரே வரிதான் இருந்தது. "உன்னாலதான்" என்று யாராவது சொல்வார்கள் என்று செங்கம்மாள் காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. அதுவும் அவளைத் தின்றது.

மரம் வெட்டும் காண்டிராக்டரின் லாரிகள் திங்கட்கிழமை வந்து தோப்பு ஓரம் நின்றன. மறுநாள் காலையில் வெட்டு. மறுநாள் பொழுது புலர்ந்து, அவள் வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் மணவாளன் வருவது தெரிந்தது. ஒதுங்கி வழிவிட்டாள். அவர் தாண்டிப் போகவில்லை. அவள் வாசலிலேயே நின்றார். வேட்டியெல்லாம் மரத்தூள். கையில், கழனிக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குச்சட்டி இருந்தது.

"தம்பி இல்லியா?"

"ஏரிப்பக்கம் போய்க்கீறாரு மாமா. இட்டாரட்டுமா?"

"வாணாம்." தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவரும் படியில் குந்தினார். "தொறந்து பாரு."

திறந்தாள். மக்கிய இலுப்பைக் கட்டை, பொடிப்பொடியாக, விளிம்புவரை. அதற்கு நடுவே மஞ்சள் பொட்டுகள் அசைந்தன. நான்கு, ஆறு, ஒன்பதுவரை எண்ணினாள். அதற்குமேல் கண் மறைத்தது.

"மாமா, நீங்களா…"

"அந்த லாரிக்காரன் இன்னா சொன்னான் தெரியுமா? மொதல்ல சாஞ்ச மரத்தக் கொளுத்திட்டுத்தான் நிக்கிற மரத்துல கை வைப்பானாம். இதுங்களுக்குப் பறக்கவும் தெரியாதுன்னு டீச்சரம்மா உன்கிட்ட சொன்னாங்களாமே? தம்பி அன்னிக்கே சொன்னான்." தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்கப்பன், அவங்கப்பன், எல்லாரும் காத்தாங்க. எங்கிட்ட வந்து முடிஞ்சு பூட்சு. அந்தம்மா இத்த எழுதி வெச்சா, இந்த எடம் இருந்துச்சுன்னாவது காயிதத்துல இருக்குமா?"

"இருக்கும் மாமா."

"பின்ன எழுது. எங்க எடுத்ததுன்னு சரியா எழுது."

அவள் உள்ளே ஓடி உறியிலிருந்து சீட்டுகளையும் பேனாவையும் எடுத்து வந்தாள். பதினோரு மணிப் பாசஞ்சரைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் டீச்சர் வீட்டுக்குப் போய்விடலாம். கதவைத் திறந்தால் திறக்கட்டும், திட்டினால் திட்டட்டும். படியில் உட்கார்ந்து, முழங்கால்மேல் பலகை வைத்து எழுதினாள். இலுப்பக்கண்டிகை, பொன்னியம்மன் தோப்பு. சாய்ந்த இலுப்பை மரம், பட்டைக்கு அடியில். தேதி. தோப்புப் பக்கமிருந்து லாரி உறுமும் சத்தம் வந்தது.

கடைசி வரியில் பேனா நின்றது.

"இன்னா?" என்றார்.

"எடுத்தது யாருன்னு போடணும் மாமா. எம்பேரப் போட்டுடறேன்."

"நீயா எடுத்தே?" முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "மறுபடியும் பொய் எழுதாத. எம்பேரப் போடு."

எழுதினாள். மை காய ஊதினாள்.

"படி" என்றார். அவருக்கு எழுத்து தெரியாது.

அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். ஊர், தோப்பு, மரம், தேதி. "எடுத்தவர், மணவாளன்."

மணவாளன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தோப்புப் பக்கம் முதல் புகை எழும்பியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இன்னொரு தபா படி" என்றார்.